நலிந்த ரோஜாச் செடியின் பூர்வ கதை

ஐப்பசி பிறந்துவிட்டால் தில்லியில் வீட்டைச் சுற்றி நாலு முழம் மண் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் ஒரு கவலையும் உடன் பிறந்துவிடும். கோடையில் காய்ந்து, மழையில் மனம்போனபடி நீண்டு, பூச்சிக்கும் பூசணத்துக்கும் இரையாகி நிற்கும் ரோஜாச் செடிகளைக் கவாத்துச் செய்ய வேண்டிய பருவம் அது. அக்டோபர் மாதத்து இரண்டாம், மூன்றாம் வாரங்களில் கத்தரி பட்ட செடி, நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதலிலோ தன் முதற்பூவைக் காட்டும். அப்படிக் காட்டாத செடியைப் பற்றியே இன்று பேசப் புகுகிறோம்.

பூத்துக் குலுங்கும் செடியைப் பாடப் புலவர்கள் பலர் உண்டு. நலிந்த செடிக்கு வேண்டியவரோ வைத்தியர். நல்ல வைத்தியர் நாடியைத் தொடுமுன்பே நோயாளியின் ஊர், குடி, உணவு, முன்னே கண்ட நோய் ஆகிய யாவற்றையும் விசாரித்து அறிவார். பூர்வோத்தரம் தெரியாமல் கொடுக்கும் மருந்து, இருட்டில் எறிந்த கல்லைப் போன்றது. ரோஜாவுக்கும் இது பொருந்தும். நம் வாசலில் நிற்கும் ஒரு செடியின் இலை ஏன் வெளிறுகிறது, கிளை ஏன் கருகுகிறது என்று கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி நம்மைச் சரித்திரத்தின் வாசலுக்கே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. இது நாம் பட்டு அறிந்த பாடம்.

சில ஆண்டுகளுக்கு முன் மாற்றலாகித் தில்லிக்கு வந்து, அரசாங்கக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் குடியேறினோம். நமக்கு முன் அவ்வீட்டில் இருந்தவர் விட்டுச் சென்ற ரோஜாச் செடி ஒன்று வாசலோரம் நின்றது. உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூப் பூக்கும் செடி அது என்று அண்டை வீட்டார் சொன்னார்கள். நாம் கண்டதோ மெலிந்த கிளைகளும் வெளிறிய இலைகளுமே. இரக்கம் மேலிட்டது. இரக்கத்தால் செய்யக்கூடிய தவறுகள் அத்தனையும் செய்தோம். பசித்திருக்கிறது என்று எண்ணிக் கைப்பிடி யூரியாவைத் தண்டின் அருகிலேயே கொட்டினோம். தாகம் என்று எண்ணிக் காலையும் மாலையும் குடம் குடமாக நீர் வார்த்தோம். அக்டோபரில் கவாத்துச் செய்ய வேண்டும் என்று எவரோ சொல்லக் கேட்டு, காய் நறுக்கும் கத்தியால் கிளைகளை அறுத்தெறிந்தோம். இரண்டு வாரத்தில் வெட்டிய முனைகள் பழுப்பாகி, பின் கறுத்து, அந்தக் கறுப்பு கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியது. செடி செத்தது, பிடுங்கி எறிவோம் என்று முடிவு செய்தோம்.

அவ்வழியே வந்த முதிய மாலி ஒருவர் நம்மைத் தடுத்தார். “பாபுஜி, பிடுங்குமுன் கீறிப் பாருங்கள்” என்று சொல்லி, அடித்தண்டின் பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லச் சுரண்டினார். உள்ளே பச்சை தெரிந்தது. பச்சை உள்ளவரை உயிர் உண்டு. பழுப்பாயிருந்தால் இன்னும் கீழே சுரண்ட வேண்டும். தரைமட்டம் வரை பழுப்பாயிருந்தால்தான் மண்வெட்டிக்கு வேலை. நோயைக் கண்டறியும் கலையில் நாம் கற்ற முதற்பாடம் அது. அதற்கு எந்தக் கருவியும் வேண்டுவதில்லை. அன்று முதல் அச்செடியின் பூர்வ கதையை விசாரிக்கலானோம்.

பெயரிலிருந்து தொடங்குவோம். மொழிபெயர்ப்பு நம் தொழிலாகையால் சொல்லைக் கண்டால் நின்று பார்க்கும் வழக்கம் நமக்குண்டு. இந்தியில் ரோஜாவுக்குக் ‘குலாப்’ என்று பெயர். பாரசீகத்தில் ‘குல்’ என்றால் மலர், ‘ஆப்’ என்றால் நீர். ஆகவே குலாப் என்பது முதலில் மலர்நீரைக் குறித்த சொல். பின்னர் நீரின் பெயரே இந்நாட்டில் மலருக்கு ஆகிவந்தது. நாம் அந்த நீரைப் பன்னீர் என்கிறோம். திருமண வாயிலில் வருவோர்மேல் பன்னீர் தெளிக்கும் வெள்ளிச் செம்பு நம் வீடுகளில் பரம்பரையாக வந்திருக்கிறது. ‘ரோஜா’ என்ற பெயரோ ஐரோப்பிய மொழிகளின் வழியாக நம்மிடம் வந்தது. மணநீருக்கு ஒரு பெயர், மலருக்கு வேறொரு பெயர் என்று இரண்டு வந்ததற்குக் காரணம், ரோஜா இந்நாட்டுக்குள் வந்த வழிகளும் இரண்டாயிருந்தமையே.

ரோஜா முற்றிலும் அந்நியச் செடி அன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இமயமலைச் சாரலில் வெண்ணிறக் காட்டு ரோஜா கொடியாகப் படர்ந்து பூக்கிறது. நீலகிரியிலும் பழனிமலையிலும் வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ரோஜா இனம் ஒன்று உண்டு. லெஷெனோல் என்ற பிரெஞ்சுத் தாவர இயலாரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். வங்காளம், பீகார் ஆகிய இடங்களின் ஆற்றுப் படுகைகளில், நீர் தேங்கும் நிலத்திலும் தாங்கி நிற்கும் மற்றோர் இனம் வளர்கிறது. எனினும் தோட்டத்து ரோஜா என்று நாம் இன்று அறிவது வெளியிலிருந்து வந்ததேயாகும்.

முதல் வழி கைபர் கணவாய் வழி. 1526-இல் பானிப்பட்டுப் போரில் வென்று தில்லியைக் கைக்கொண்ட பாபர், பர்கானாவில் பிறந்தவர்; தோட்டங்களின் மேல் தீராத ஆசை கொண்டவர். இந்துஸ்தானத்தின் வெயிலையும் புழுதியையும் பற்றித் தம் நினைவுக் குறிப்புகளில் குறைபட்டுக்கொண்டவர், ஆக்ராவில் யமுனைக் கரையில் தோட்டம் அமைத்து, அதில் ரோஜாவையும் நர்கிஸையும் வரிசை வரிசையாக நட்டதைப் பெருமையுடன் குறித்திருக்கிறார். அவருடைய பெண்மக்கள் மூவரின் பெயர்கள் குல்ரங், குல்செஹ்ரா, குல்பதன் என்பன. மூன்றிலும் மலர் இருக்கிறது. குல்பதன் பேகமே பின்னாளில் ஹுமாயூனின் வரலாற்றை எழுதியவர்.

பாரசீகத்திலும் நடு ஆசியாவிலும் பன்னீருக்காக வளர்க்கப்பட்டது டமாஸ்க் ரோஜா. டமாஸ்கஸ் நகரத்தின் பெயரை உடையது. அதன் பிறப்பு நெடுநாள் புதிராயிருந்தது. 2000-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர்கள் அதன் மரபணுக்களை ஆராய்ந்து, அது மூன்று இனங்களின் கலப்பால் பிறந்தது என்று காட்டினார்கள். அம்மூன்றில் ஒன்று நடு ஆசிய மலைகளில் வளரும் காட்டு ரோஜா. பாபர் பிறந்த மண்ணுக்கு அண்டை மலைகள் அவை.

மொகலாயர் காலத்தில் பன்னீர் காய்ச்சுவது அரண்மனைக் கலையாயிற்று. நூர்ஜஹானின் தாயார் அஸ்மத் பேகம் பன்னீர் காய்ச்சியபோது, சூடான நீரை ஊற்றிய தட்டுகளின்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்ததைக் கண்டு, அதைச் சிறிது சிறிதாகச் சேகரித்தார். ஒரு துளியை உள்ளங்கையில் தேய்த்தால் ஒரு சபை முழுவதும் மணக்கும் என்று ஜஹாங்கீர் 1614-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் வியக்கிறார். தம் மாமியாருக்கு முத்துமாலை பரிசளித்தார். ஸலீமா சுல்தான் பேகம் அந்த வாசனைத் தைலத்துக்கு ‘ஜஹாங்கீரி அத்தர்’ என்று பெயரிட்டார். கங்கைக் கரையில் காஜிப்பூர் பன்னீருக்குப் பெயர் பெற்றது. 1824-இல் அவ்வழியே சென்ற ஹீபர் பாதிரியார் அங்கே பரந்து கிடந்த ரோஜா வயல்களைப் பற்றி எழுதிவைத்தார். கன்னோஜில் செப்புப் பானையும் மூங்கிற் குழாயும் கொண்டு அத்தர் வடிக்கும் முறை இன்றும் நடைபெறுகிறது.

இந்த டமாஸ்க் ரோஜாவுக்கு ஒரு குணம் உண்டு. குளிர் கழிந்து வசந்தம் வரும்போது ஒருமுறை கொட்டிப் பூக்கும், பிறகு ஓய்ந்துவிடும். புஷ்கரத்திலும் ஹாத்ரஸுக்கு அண்மையிலுள்ள ஹஸாயனிலும் இன்றும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களே அறுவடைக் காலம். ஆகையால் ஆண்டில் பல மாதம் பூவின்றி நிற்பதை இச்செடிக்கு நோய் என்று கொள்ளுதல் தவறு. அது அதன் இயல்பு. நோயையும் இயல்பையும் பிரித்தறிவது வைத்தியத்தில் பாதி.

இரண்டாம் வழி கடல் வழி. சீனத்துத் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் பூக்கும் ரோஜா நெடுங்காலமாக வளர்ந்து வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அச்செடிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றன. பார்ஸன்ஸ் பெயரால் வழங்கிய இளஞ்சிவப்பு ரோஜா 1793-இலும், ஹ்யூம் பெயரால் வழங்கிய தேயிலை மணமுள்ள ரோஜா 1809-இலும் இங்கிலாந்தில் அறிமுகமாயின. வழியில் கல்கத்தா இருந்தது. 1787-இல் ராபர்ட் கிட் தொடங்கிய தாவரத் தோட்டமும் அங்கே இருந்தது. சீனத்துச் செடிகள் வங்காளத்தைத் தொட்டுச் சென்றமையால் ஐரோப்பியர் அவற்றை வங்காள ரோஜா என்றே அழைத்தனர். லின்னேயஸ் ஒருவகைக்கு ‘இந்திய ரோஜா’ என்றே பெயரிட்டிருந்தார். புறப்பட்ட ஊர் மறந்துபோய், தங்கிய ஊரின் பெயர் நிலைத்துவிடுதல் செடிகளுக்கும் நேர்கிறது.

கைபர் வழி வந்த குலமும் கடல் வழி வந்த குலமும் கலந்த இடம் இந்தியப் பெருங்கடலின் நடுவில் உள்ளது. இன்று ரீயூனியன் எனப்படும் தீவுக்கு அந்நாளில் பூர்பான் என்று பெயர். அங்கே வயல்களுக்கு ரோஜாச் செடியால் வேலி இடுவது வழக்கம். டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் அடுத்தடுத்து நின்றன. தேனீக்கள் செய்த திருமணத்தால் புதிய ரோஜா ஒன்று பிறந்தது. 1817-இல் அத்தீவுக்கு வந்த பிரேயோன் என்ற பிரெஞ்சுத் தாவர இயலார் அதைக் கவனித்து விதைகளைப் பாரிஸுக்கு அனுப்பினார். தீவில் ‘எடுவார் ரோஜா’ எனப்பட்ட அச்செடி இந்தியாவுக்கும் வந்து ‘எட்வர்ட் ரோஜா’ ஆயிற்று. அதே நூற்றாண்டில் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழ் மக்கள் அத்தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர் என்பதையும் இங்கே நினைவு கூரலாம்.

இவற்றையெல்லாம் கலந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் நவீன ரோஜாவைப் படைத்தனர். 1867-இல் கியோ என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட ‘லா பிரான்ஸ்’ என்ற ரோஜாவைக் கலப்புத் தேயிலை ரோஜா வகையின் முதற்செடி என்று கொள்வது மரபு. ஆனால் அவ்வகையில் ஆழ்ந்த மஞ்சள் நிறம் இல்லை. லியோன் நகரத்துப் பெர்னே-துஷே பாரசீகத்து மஞ்சள் ரோஜாவைக் கலந்து, 1900-இல் ‘ஸொலேய் தோர்’ என்ற ரோஜாவை வெளியிட்டார். பொன்னிறச் சூரியன் என்பது அதன் பொருள். மஞ்சளும் செம்மஞ்சளும் தோட்டங்களில் பரவின. அந்நிறத்தோடு, கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆட்படும் குணமும் அதே பாரசீகப் பாட்டியிடமிருந்து பரம்பரையாக இறங்கிவிட்டது. நம் வாசலில் நின்ற மஞ்சள் ரோஜா, மழைக்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்து நின்றதற்கு ஒரு காரணம் இப்போது விளங்கியது.

இனி நோய்களை வரிசையாகப் பார்ப்போம். செடியின் முன் நின்று முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வெளிறியது பழைய இலையா, புதிய இலையா என்பது.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் ஓரம் கிழிந்தாற்போன்ற கரும்புள்ளிகள் தோன்றி, சுற்றிலும் மஞ்சளாகி இலை உதிர்ந்தால் அது கரும்புள்ளி நோய். அதை உண்டாக்கும் பூசணத்தின் வித்துகள் முளைப்பதற்கு இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் தொடர்ந்து ஈரமாயிருக்க வேண்டும். ஆகவே மாலையில் இலைமேல் நீர் தெளிப்பவர் நோய்க்கு விருந்து வைக்கிறார். காலையில், வேரடியில் மட்டும் நீர் விடுக. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுக. அவற்றை உரக்குழியில் இடலாகாது.

பழைய இலைகள் புள்ளியின்றி ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு என்று கொள்ளலாம். புதிய இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. தில்லி மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணும் கிணற்று நீரும் காரத்தன்மை உடையவையாதலால், வேர் உறிஞ்ச முடியாதபடி இரும்பு கட்டுண்டு கிடக்கிறது. கதவு பூட்டிய களஞ்சியத்தின் முன் பசித்திருப்பவன் நிலை அது. நன்கு மக்கிய தொழு உரமும் இலை மக்கும் பூட்டைத் திறக்கும். அன்னபேதியை மிகக் குறைந்த அளவில் நீரில் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் இலையில் தெளித்தால் விரைவில் பச்சை திரும்பும். யூரியா இங்கே உதவாது. நாம் கொட்டிய கைப்பிடி வேர்களைச் சுட்டதுதான் மிச்சம்.

இலைகள் யாவும் தொய்ந்து, மண்ணும் ஈரமாயிருந்தால் நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் வார்க்கலாகாது. மூச்சின்றி வேர் அழுகுகிறது. இரண்டு அங்குலம் தோண்டிப் பார்த்து, அங்கே ஈரம் இருந்தால் அன்று நீர் விட வேண்டியதில்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, பகல் இதமாகவும் இரவு குளிராகவும் இருக்கும் நாட்களில், இளந்தளிரும் மொட்டுக் காம்பும் சாம்பல் பூசினாற்போல் வெளுத்துச் சுருளும். இது சாம்பல் நோய். கரும்புள்ளிக்கு மாறாக, இதற்கு இலைமேல் நீர் நிற்க வேண்டியதே இல்லை. கந்தகத் தூள் இதற்குப் பழமையான மருந்து. வெயில் கடுமையாகும்போது கந்தகம் இலையைக் கருக்கிவிடும் ஆகையால் கோடையில் கூடாது. கோடையில் இலையின் அடிப்புறம் நூலாம்படை படர்ந்து, மேற்புறம் தூசிபோல் மங்கினால் செஞ்சிலந்திப் பேனின் வேலை. இலைக்கு அடியில் படும்படி நீரை வேகமாகப் பீய்ச்சினால் பெரும்பகுதி ஒழியும். தண்டின்மேல் செம்பழுப்பாகப் பொருக்குப் படர்ந்தாற்போல் ஒட்டியிருப்பது செதில் பூச்சி. பலர் அதை மரப்பட்டை என்றே எண்ணிவிடுவர். பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். செடி திடீரென்று ஒரு பக்கமாக வாடினால் அடிமண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். மக்காத சாணத்தை இட்ட இடத்தில் கறையான் குடியேறியிருக்கும்.

இந்திய ரோஜாக்களுக்கு இவை யாவற்றினும் கொடியது, நாம் நம் கத்தியால் வரவழைத்துக்கொண்ட நுனிக்கருகல் நோய். ‘டிப்ளோடியா’ என்ற பூசணம் வெட்டுவாயின் வழியே நுழைந்து கீழே இறங்குகிறது. மழுங்கிய கத்தி தண்டை நசுக்குகிறது. நசுங்கிய திசு அதற்கு அகலத் திறந்த வாயில். கூரிய கவாத்துக் கத்தரி கொண்டு, கறுப்பு முடியும் இடத்திற்குக் கீழே ஓர் அங்குலம் பச்சைத் தண்டும் சேர்த்து, வெளிநோக்கிய கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்ட வேண்டும். ஒவ்வொரு செடிக்குப் பின்பும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். பின் வெட்டுவாயில் மருந்து பூச வேண்டும்.

அந்த மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 1882-இல் பிரான்சின் மெதோக் பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டுத் தோட்டக்காரர்கள் சாலையோரக் கொடிகளின்மேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசியிருந்தனர். மற்றக் கொடிகள் பூசணத்தால் இலையுதிர்ந்து நிற்க, அவை மட்டும் பச்சையாயிருப்பதைப் போர்தோ பல்கலைக்கழகத்து மில்லார்தே கண்டார். ஆராய்ந்து 1885-இல் அவர் வெளியிட்டதே போர்தோக் கலவை. கள்வருக்கு அஞ்சிப் பூசியது நோய்க்கு மருந்தாயிற்று. வெட்டுவாய்க்குப் பசையாக வேண்டின், நூறு கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், நூறு கிராம் நீற்றுச் சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து ஒன்றாக்குக. மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ பயன்படுத்துக. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் தோய்த்தெடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

இராணிக்கேத்துக்கு அருகிலுள்ள சௌபட்டியா மலைப்பழ ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால் வழங்கும் பசை ஒன்றும் பழைய கைந்நூல்களில் காணப்படும். தாமிரக் கார்பனேட்டும் ஈயச் செந்தூரமும் சம எடையில் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. குணம் தருவதே. ஆயினும் ஈயம் நஞ்சு. குழந்தைகள் ஓடியாடும் வாசலுக்குப் போர்தோப் பசையே போதும். அப்பழைய நூல்கள் தாராளமாக எழுதிவைத்த டி.டி.டி. 1989-இல் வேளாண்மைக்கு விலக்கப்பட்டது. எண்டோசல்பானை 2011-இல் உச்சநீதிமன்றம் தடை செய்தது. பழைய நூலின் நோய்க்குறிகளை நம்பலாம். மருந்துப் பட்டியலை இன்றைய அறிவோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

மருந்து பூசி நோயைத் துரத்துவது ஒரு வழி. நோய்க்கு இடங்கொடாத செடியைப் பிறப்பிப்பது மேலான வழி. இந்த இரண்டாம் வழியை நம் நாட்டு ரோஜாவுக்குக் காட்டியவர்களில் தலையாயவர் பெஞ்சமின் பியரி பால். 1906-இல் பஞ்சாபில் பிறந்து, பர்மாவில் வளர்ந்து, கேம்பிரிட்ஜில் பயின்றவர். பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1934-இன் பீகார் நிலநடுக்கத்தில் இடிந்த அந்நிலையம் 1936-இல் தில்லிக்குப் பெயர்ந்தது. 1950-இல் அதன் இயக்குநரானார். 1965-இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநரானார். அவர் வாழ்நாள் உழைப்பு கோதுமையில் துரு நோயை எதிர்க்கும் வகைகளைக் காண்பது. அந்த நோய் நாட்டின் உணவைப் பறிப்பது. அலுவல் போக எஞ்சிய பொழுதில் அவர் ரோஜாவைக் கலந்து புதுவகைகள் பலவற்றைப் படைத்தார். ‘தில்லி பிரின்ஸஸ்’, ‘பஞ்சாரன்’ ஆகியவை அவற்றுள் சில. 1966-இல் வெளிவந்த ‘இந்தியாவில் ரோஜா’ என்ற அவருடைய ஆங்கில நூல், ஐரோப்பியக் கைந்நூல்களைப் பார்த்துக் கவாத்துச் செய்துவந்த இந்தியத் தோட்டக்காரருக்கு இந்நாட்டுப் பருவத்தையும் மண்ணையும் எடுத்துச் சொன்னது. தில்லிக்கு அக்டோபர் ஏற்றது போல மலைப்பகுதிகளுக்குக் குளிர் நீங்கும் காலமே ஏற்றது. பெங்களூரில் ஆண்டுக்கு இருமுறை கவாத்துச் செய்கிறார்கள். ஓரூர்ப் பஞ்சாங்கம் மற்றோர் ஊருக்கு உதவாது. 1989-இல் மறைந்த அப்பெரியாரின் வழியில், கோடைக்கானலில் எம். எஸ். வீரராகவன் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களையே தாயாகக் கொண்டு, வெப்பம் தாங்கும் புதுவகைகளை உண்டாக்கியிருக்கிறார். வெளியே தேடிய வலிமை நம் மலைகளிலும் ஆற்றுப் படுகைகளிலும் இருந்திருக்கிறது.

இனி நம் வாசற் செடியின் கதைக்குத் திரும்புவோம். மாலி சொன்னபடி கருகிய பகுதியை வெட்டிப் பசை பூசினோம். நீரைக் குறைத்தோம். யூரியாவை நிறுத்தித் தொழு உரமும் வேப்பம் பிண்ணாக்கும் இட்டோம். தைமாதத்தில் அடியிலிருந்து ஒரு தளிர் வீறுடன் கிளம்பி, நம் தோள் உயரம் வளர்ந்தது. நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தோம். மாசியில் அக்கிளை பூத்தது. மஞ்சள் இல்லை. சிறிய, இளஞ்சிவப்பான பூ. கொத்துக் கொத்தாய், மணம் நிறைந்து இருந்தது.

அதைப் பறித்துக்கொண்டு உள்ளே வந்த நம் மனைவியார், “இங்கே பாருங்கள், இது நம் ஊர்ப் பூக்காரி தொடுத்துக் கொடுக்கும் ரோஜா அல்லவா!” என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியைத் தில்லிக்கு வந்தபின் நாம் கண்டதில்லை. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. தில்லிச் சுற்றுப்புறத்தில் பெரிய பூ ரோஜாக்களைக் கண் ஒட்டுச் செய்வது எட்வர்ட் ரோஜாவின் வேரின்மேல். அதே எட்வர்ட் ரோஜாவைத்தான் தமிழ்நாட்டில் மாலைக்கும் கூந்தலுக்குமாகப் பயிரிட்டு வருகிறோம். மேலே ஒட்டிய மஞ்சள் ரோஜா நலிந்தபோது, அதைத் தாங்கி நின்ற வேர் தானே தளிர்த்துத் தன் பூவைக் காட்டிவிட்டது. பூர்பான் தீவின் வேலியோரத்தில் பிறந்த செடி, நாம் அறியாமலே நம் வாசலடியில் இருந்திருக்கிறது.

தோட்ட சாஸ்திரம் இதற்கு இரக்கம் காட்டுவதில்லை. ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் வேர்த்தளிரை உடனே அகற்ற வேண்டும். விட்டால் மேற்செடியின் உணவையெல்லாம் அது உண்டு, மேற்செடி அழியும். செடி ‘காட்டு ரோஜாவாக மாறிவிட்டது’ என்று பலர் வருந்துவதன் உண்மைக் காரணம் இதுவே. மண்ணை விலக்கி, தளிர் வேரில் எங்கே பிறக்கிறதோ அங்கேயே பிய்த்தெடுக்க வேண்டும். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்று நான்காகும். சாஸ்திரம் நமக்குத் தெரியும். ஆனால் வீட்டில் அந்தப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரே! மஞ்சள் செடியோ நம்மை நம்பி ஒருவர் விட்டுச் சென்றது.

இரண்டையும் காக்க வழி இருந்தது. எட்வர்ட் ரோஜாவை வேர்ச்செடியாகக் கொள்வதற்குக் காரணமே அது பதியனில் எளிதில் வேர் விடுவதுதான். தளிரை அடியோடு நீக்கி, பென்சில் பருமனுள்ள பகுதிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, மணல் கலந்த மண்ணில் நிழலில் ஊன்றினோம். நட்ட ஆறில் நான்கு பிழைத்தன. போட்டி நீங்கிய மஞ்சள் ரோஜா அடுத்த மார்கழியில் மூன்று பூக்கள் பூத்தது. உள்ளங்கை அகலம் இருந்தது என்று அண்டை வீட்டார் சொன்னது மிகையன்று.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலர் நம்மைப்போலவே ஒருவர் விட்டுச் சென்ற வீட்டில் குடியிருந்து, மற்றொருவருக்கு விட்டுச் செல்பவர்கள். வாசலில் நலிந்த செடி ஒன்று இருக்குமாயின், பிடுங்குமுன் அடிப்பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால், வெளிறியது பழைய இலையா புதிய இலையா என்று நோக்குங்கள், தளிர் ஒட்டுக்கு மேலா கீழா என்று பாருங்கள், கத்தரியைத் தீட்டுங்கள். நாம் இவ்வீட்டை விட்டு மாறும் நாள் வரும். மஞ்சள் செடி வருகிறவருக்காக வாசலிலேயே நிற்கும். இளஞ்சிவப்புச் செடிகள் நான்கில் இரண்டை ஏற்கெனவே தமிழ்க் குடும்பங்கள் இரண்டு வாங்கிச் சென்றுவிட்டன. ஒன்று நம்மோடு வரும். எஞ்சிய ஒன்றை, பிடுங்கவிருந்த கையைத் தடுத்த மாலியின் வீட்டு வாசலில் நட்டிருக்கிறோம்.